கட்டிலடித் தாத்தா

அக்கா: இரு இரு, சொல்லிடாதே. நானே கண்டுபிடிக்கிறேன்... குட்டி வரைஞ்ச படத்துல இந்த மீசை உங்க மாமா.

மாமா: அவ்வளவு பெரிய மீசையா எனக்கு? காட்டு... அட, புள்ளைக்கு என்ன ஒரு பார்வை!

தங்கை: மீசை கன்னத்தைத் தாண்டி சுவர் வரைக்கும் போயிருக்கு மாமா.

மாமா: அது மரியாதை. உனக்கெல்லாம் புரியாது சின்னவளே.

அக்கா: தையல் மிஷின் முன்னாடி உக்காந்திருக்கிறது நான். ஏண்டி, எனக்குத் தலையே காணோம்?

தங்கை: நீ எப்பவும் குனிஞ்சே இருக்கியாம். அதனால தலை தெரியாதாம். கேட்டுட்டேன்.

அக்கா: நாலு வயசுக்கு இந்தப் பேச்சு! என் குட்டி அது... சரி, இது கட்டில். கட்டிலுக்கு அடியில என்னது? நீளமா, பழுப்பா, பூப்போட்ட போர்வை போத்திக்கிட்டு... ரெண்டு கண்ணு...

மாமா: தாத்தா!

அக்கா: ஐயோ, நம்ம தாத்தாவேதான்! சிரிக்க வேற சிரிக்கிறாரு பாருங்க.

மாமா: நீ தைச்சுப் போட்ட உறையில இருக்கிற பூவைக்கூட விடலையே. ஒண்ணு ரெண்டு மூணு... எண்ணி வரைஞ்சிருக்கா!

தங்கை: சிரிச்சு முடிச்சீங்களா ரெண்டு பேரும்?

மாமா: இன்னும் இல்லை. கொஞ்சம் பாக்கி இருக்கு.

தங்கை: நர்சரியில 'வீட்டுல யார் யாரு'ன்னு வரையச் சொல்லியிருக்காங்க. என் பொண்ணு எங்க வீட்டை விட்டுட்டு உங்க வீட்டை வரைஞ்சு வெச்சிருக்கா. டீச்சர் என்னைத் தனியா கூப்பிட்டாங்க.

அக்கா: பாராட்டவா?

தங்கை: பாராட்ட! 'உங்க அக்கா வீட்டுல வயசானவர் ஒருத்தரைக் கட்டிலுக்கு அடியில போட்டு வெச்சிருக்காங்களாமே, மனசாட்சி வேண்டாமா'ன்னு கேட்டாங்க.

மாமா: ஐயோ... ஐயோ... தண்ணி குடு, புரையேறுது.

தங்கை: 'தாத்தா பேசவே மாட்டாரு. அவரோட மாத்திரையை அலமாரியில ஒளிச்சு வெச்சிருக்காங்க. குடுக்கவே மாட்டாங்க'ன்னு வேற சொல்லியிருக்கா. டீச்சருக்குக் கண்ணு கலங்கிடுச்சுக்கா.

அக்கா: அடிப்பாவி! நீ என்ன சொன்னே?

தங்கை: என்னத்தைச் சொல்ல? 'அது தாத்தா இல்லைங்க டீச்சர், எங்க மாமா நகைக்கடை வாசல்ல காவல் நிக்கும்போது தோள்ல மாட்டிக்கிற ரெட்டைக்குழல் துப்பாக்கி, வேலை முடிஞ்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்து கட்டிலுக்கு அடியில வைப்பாரு'ன்னு சொல்லவா? அதுக்கு அந்தத் தாத்தாவே தேவலைன்னு ஆயிடாதா?

மாமா: அதுவும் சரிதான்.

தங்கை: வாயை மூடிக்கிட்டு வந்துட்டேன். வழியெல்லாம் யோசிச்சேன். இப்போ கேளுங்க. நாளைக்கு நான் மருந்துக்கடை வேலையில சேர்றேன். நர்சரி விட்டதும் குட்டி இங்கதான் இருக்கப்போறா. தினமும், நான் வர்ற வரைக்கும்.

அக்கா: அதான் பேசி முடிச்சாச்சே. அவளுக்குன்னு ஒரு தலகாணிக்கு உறை தைச்சு வெச்சிருக்கேன். முயல் படம் போட்டது.

தங்கை: அதுக்கு முன்னாடி ஒண்ணு. இன்னையிலிருந்து இந்த வீட்டுல தாத்தாங்கிற பேரு கிடையாது. துப்பாக்கியைத் துப்பாக்கின்னுதான் சொல்லணும்.

மாமா: இவ்வளவுதானா? நான்கூட என்னமோன்னு பயந்துட்டேன். சொல்லிட்டாப் போச்சு.

தங்கை: எங்க, சொல்லுங்க.

மாமா: து... தொண்டை கட்டியிருக்கு.

தங்கை: மாமா.

மாமா: துப்... ஏம்மா, கொஞ்சம் வெந்நீர் இருக்கா?

அக்கா: கசப்பு மருந்து குடிக்கிற புள்ளை மாதிரி பண்றாரு பாரு.

மாமா: நீ சொல்லேன் பாப்போம்.

அக்கா: எனக்கென்ன? தா...

மாமா: ஆங்! பிடிச்சாச்சு!

அக்கா: 'தாராளமா சொல்றேன்'னு சொல்ல வந்தேங்க!

தங்கை: நடிக்காதே. தாத்தான்னு யார் வாயில வந்தாலும், இந்த மிஷினைச் சுத்தி சிந்திக் கிடக்குற குண்டூசியில பத்து பொறுக்கணும். கையால. காந்தம் கிடையாது.

மாமா: எனக்குக் குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்கும்.

தங்கை: அப்போ வாயைப் பாத்துக்கோங்க. முதல் கேள்வி. ஞாயித்துக்கிழமை காலையில கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்ணுவீங்க?

மாமா: தாத்தாவுக்கு எண்ணெய்க் குளியல்.

தங்கை: பத்து.

மாமா: அடச்சே!

அக்கா: அந்தக் காலுக்குக் கீழ பாருங்க, நிறைய கிடக்கு.

தங்கை: பொறுக்கிக்கிட்டே சொல்லுங்க. என்ன பண்ணுவீங்க?

மாமா: துப்பாக்கிக்கு... எண்ணெய் போட்டுத் துடைப்பேன். சே, ருசியே இல்லை. குளியல்னு சொன்னா ஒரு குளுமை இருந்துச்சு.

தங்கை: அக்கா, உன் முறை. அலமாரி மேல்தட்டுல தகர டப்பாவுல என்ன இருக்கு?

அக்கா: மாத்திரை.

தங்கை: யாரோட மாத்திரை?

அக்கா: தாத்தாவோட... போச்சு! நானே பொறுக்கிடறேன், நீ முறைக்காதே.

மாமா: இங்க வா, இந்தப் பக்கம் எனக்குப் போக மிச்சம் இருக்கு.

தங்கை: மாத்திரை இல்லை. என்னது?

அக்கா: தோட்டா. ஆறு தோட்டா.

தங்கை: அது தும்மும்னு சொல்வீங்களே, அந்தத் தும்மல்னா?

மாமா: அது ஒரே ஒரு தடவைதான்! வாங்கின புதுசுல சரிபாக்கலாம்னு ஊருக்கு வெளியே கொண்டு போனோம். தும்மினாரு... இரு, தும்முச்சு... பழைய தண்ணித்தொட்டி ஓட்டையாயிடுச்சு. எனக்கு ரெண்டு நாளு காது கேக்கலை.

அக்கா: அந்த ரெண்டு நாளும் நான் திட்டினதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. அவ்வளவு நிம்மதி.

தங்கை: பேச்சை மாத்தாதீங்க. தும்மல்னா என்ன?

மாமா: ...சுடுறது.

தங்கை: எதை?

மாமா: ஏய், நான் யாரைச் சுட்டேன்? தண்ணித்தொட்டியைத் தவிர...

தங்கை: உங்களைச் சொல்லலை மாமா. அது எதுக்குன்னு பண்ணி வெச்சது?

மாமா: இந்தா, பத்து ஊசி பொறுக்கியாச்சு.

தங்கை: சரி, அதை விடுங்க. அக்கா, நீ எல்லாத்தையும் சேத்து ஒரு தடவை சொல்லு. மாத்திரை, குளியல் எதுவும் வரக்கூடாது. குட்டி மத்தியானம் படுத்துத் தூங்குற கட்டில் இருக்கே, அதுக்கு அடியில என்ன இருக்கு?

அக்கா: இதெல்லாம் ஒரு விளையாட்டாடி...

தங்கை: சொல்லுக்கா.

அக்கா: குட்டி தூங்குற கட்டிலுக்கு அடியில... துப்பாக்கி இருக்கு. பக்கத்து அலமாரியில ஆறு தோட்டா இருக்கு. சுட்டா... ஆள் செத்துடும்.

மாமா: யாரோ செய்தி வாசிக்கிற மாதிரி இருந்துச்சும்மா. நீயா பேசினே?

அக்கா: ஊசியில நூல் கோக்க முடியலை பாருங்க. நீங்க கோத்துக் குடுங்க.

மாமா: குடு... நம்ம வீடு மாதிரியே இல்லை, இல்ல?

தங்கை: அதே வீடுதான் மாமா. பேரைத்தான் எடுத்துட்டோம்.

மாமா: நாங்க மட்டுமா பேரு வெச்சோம்? முதலாளி 'சாமான் வந்தாச்சா'ன்னுதான் கேப்பாரு. கூட நிக்கிறவன் 'துணை'ம்பான். தெருப்பசங்க டுமீல்ம்பாங்க. யாருமே அதை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுறதில்லை. லைசென்ஸ் ஆபீஸ்ல மட்டும்தான்...

தங்கை: லைசென்ஸ் ஆபீஸ்ல?

மாமா: ஒண்ணுமில்லை. டீ போடட்டுமா?

அக்கா: நீங்க போடுற டீக்கு குண்டூசியே பொறுக்கலாம். உக்காருங்க.

தங்கை: முதல்ல யாரு அப்படிக் கூப்பிட்டது?

அக்கா: இவருதான், வேற யாரு? 'சொந்தமா வெச்சிருந்தாத்தான் வாசல்ல நிறுத்துவேன்'னு முதலாளி சொன்னாருன்னு, வேலையை விட்டுப் போன பழைய காவல்காரர் ஒருத்தர்கிட்ட அலைஞ்சு திரிஞ்சு முறைப்படி தன் பேருக்கு மாத்தி வாங்கிட்டு வந்தாரு. நான் மூணு நாள் சமையல்கட்டுல படுத்தேன்.

மாமா: நாலு நாள். மூணாவது நாளு பூனை வந்து மிதிச்சுதுன்னு கத்தினே. நாலாவது நாளும் அங்கதான்.

அக்கா: அஞ்சாவது நாள், அது மேல என்னோட பழைய துண்டைப் போத்தி, 'பாவம், வயசானவர், ரெண்டாம் கைக்கு வந்திருக்காரு, குளிருதாம், இவரைப் பாத்தா பயப்படுறே'ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டே உள்ள வந்து படுத்துட்டேன்.

தங்கை: அதோட பயம் போயிடுச்சு?

அக்கா: அப்போ போனது பதினோரு வருஷமா வரலை. உறை தைச்சேன், நாடா வெச்சேன். 'போயிட்டு வரேன்'னு இவரு கிளம்பும்போது, 'தாத்தாவைப் பத்திரமா பாத்துக்கோங்க'ன்னு சொல்லுவேன்.

மாமா: என்னைப் பத்திரமா இருன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. குறிச்சுக்கோ சின்னவளே.

தங்கை: பத்து ஊசி, அக்கா.

அக்கா: கதை சொல்லும்போது கூடவா? அநியாயம்டி!

தங்கை: மாமா... நான் ஒண்ணு சொல்லுவேன். கோவிச்சுக்கக் கூடாது.

மாமா: நீ இந்த மாதிரி ஆரம்பிச்சாலே எனக்கு ஏதோ செலவு வரும்.

தங்கை: பேரை மாத்தினாப் போதும்னு நினைச்சுத்தான் வந்தேன். சத்தியமா. ஆனா இப்போ அக்கா வாயால அதைக் கேட்டப்புறம்... முடியலை மாமா. அது இந்த வீட்டுல இருந்தா நாளைக்குக் குட்டி இங்க வரமாட்டா.

மாமா: ஏய், ஏய்...

அக்கா: என்னடி விளையாடுறியா? வராம வேற எங்க போவா?

தங்கை: மருந்துக்கடைக்கு எதிர்லயே ஒரு குழந்தைக் காப்பகம் இருக்கு. நேத்தே போய்ப் பாத்தேன். இடம் இருக்குன்னாங்க.

அக்கா: பாத்துட்டுத்தான் வந்திருக்கே. அப்போ நான் தைச்ச முயல் தலகாணி?

மாமா: காப்பகத்துல அவளுக்கு யாரு கதை சொல்லுவா? முதலைக்குப் பல்லு வலி வந்த கதையை யாரு சொல்லுவா? அது பாதியில நிக்குது சின்னவளே. டாக்டர் இப்போதான் முதலை வாய்க்குள்ள தலையை விட்டிருக்காரு.

தங்கை: எனக்கு மட்டும் ஆசையா மாமா? இந்த வீட்டை விட்டா அவளுக்கு வேற என்ன இருக்கு? அதை எங்கயாவது வெளியே வையுங்களேன். கடையிலயே வெச்சுட்டு வந்துடுங்க.

மாமா: கடையில வைக்க விடமாட்டாங்க.

தங்கை: சரி, அப்போ அதை எடுத்துட்டு வாங்க. என் கண்ணால ஒரு தடவை நல்லா பாக்கணும். பதினோரு வருஷமா உறையோடதான் பாத்திருக்கேன்.

மாமா: இப்போ எதுக்கு? இப்போ தூங்குறாரு.

தங்கை: துப்பாக்கி தூங்குமா மாமா?

மாமா: தூங்...குது.

தங்கை: நானே போய்ப் பாக்குறேன்.

மாமா: வேண்டாம்! கட்டிலுக்கு அடியில ஒரே தூசி. உனக்குத் தும்மல் வந்துடும். நிஜத் தும்மல்.

தங்கை: பரவாயில்லை... அக்கா, நீ ஏன் கதவுல வந்து நிக்கிறே?

அக்கா: உள்ள தைச்ச துணியெல்லாம் குவிஞ்சு கிடக்குடி. மிதிச்சுடுவே.

தங்கை: தாண்டிப் போறேன்.

அக்கா: கல்யாணத் துணி. தாண்டக் கூடாது.

தங்கை: இது என்ன புதுசா? நகருக்கா.

அக்கா: மாட்டேன்.

தங்கை: அவரு மறைக்கிறாருன்னா சரி. நீ எதுக்கு மறைக்கிறே?

மாமா: ஆமா, நீ எதுக்கு மறைக்கிறே?

அக்கா: நான் எங்க மறைக்கிறேன்? சும்மா காத்து வாங்க நிக்கிறேன்.

தங்கை: உனக்குக் கதவுல நின்னாத்தான் காத்து வருமா? கிச்சுகிச்சு மூட்டுவேன்... இதோ!

அக்கா: ஏய்! இடுப்புல வேண்டாம்... ஐயோ... விடுடி, விடு!

மாமா: சின்னவளே, சொன்னா கேளு! அதை இழுக்காதே... இழுத்துட்டா.

தங்கை: ...மாமா.

மாமா: ம்.

தங்கை: ஒரு கையால தூக்கிட்டேன். தாத்தா ரொம்ப இளைச்சுட்டாரே?

மாமா: பத்து ஊசி உனக்கு.

தங்கை: நாடாவை அவுக்கட்டுமா?

மாமா: ...அவுத்துக்கோ. இனிமே என்ன?

தங்கை: காகிதம்! பழுப்புக் காகிதத்தைச் சுருட்டி... இதென்ன, சட்டைக்கு அளவு வெட்டுற காகிதம்!

மாமா: காகிதமா? இரு, இரு... காகிதம் எப்படி? நான் குடையைத்தானே வெச்சேன்?

தங்கை: குடையா?

மாமா: கறுப்புக் குடை. நானே வெச்சு நானே கட்டினேன். தினமும் தோள்ல மாட்டிக்கிட்டுத்தானே போறேன்? பத்து நாளா கனம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு. எனக்குத்தான் பலம் கூடிடுச்சுன்னு நினைச்சேன்.

அக்கா: மழை நாளு. குடை இல்லாம எப்படிப் போறது? அதான் எடுத்துக்கிட்டு காகிதம் வெச்சேன். அதுவும் இல்லாம குடைக்குக் கைப்பிடி வளைவு வெளியே தெரிஞ்சுதுங்க. அக்கம்பக்கத்துல பாத்தா என்ன நினைப்பாங்க?

மாமா: அப்போ... உனக்குத் தெரியுமா?

அக்கா: ஒரு மாசமா எண்ணெய்ப் புட்டி அளவு குறையவே இல்லை. கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து என்னதான் பண்ணுவீங்க ஞாயித்துக்கிழமையில?

மாமா: ...குறுக்கெழுத்து போடுவேன்.

தங்கை: இருங்க ரெண்டு பேரும்! துப்பாக்கி எங்க?

மாமா: குடுத்துட்டேன். ஒரு மாசமாச்சு. லைசென்ஸோட சேத்து எழுதிக் குடுத்துட்டேன். தோட்டாவையும்தான்.

தங்கை: தோட்டாவுமா? இப்போதானே அக்கா டப்பாவுல ஆறு இருக்குன்னா?

அக்கா: பொத்தான் போட்டு வெச்சேன். கோட்டுப் பொத்தான். இவரு டப்பாவை எடுத்தா சத்தம் வரணுமே, இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சங்கடப்படுவாரே.

மாமா: நான் அந்த டப்பா பக்கமே போகலைம்மா. காலியா இருக்கிறது உனக்குத் தெரிஞ்சுடுமோன்னு.

தங்கை: கடவுளே! எந்த வீட்டுலயாவது இப்படி நடக்குமா? அப்போ வேலை? காவல் வேலை போயிடுச்சா மாமா?

மாமா: போகலை, இடம் மாறிடுச்சு. அதே கடைதான். வண்டி நிறுத்துற இடத்துல நிக்கிறேன். விசில் குடுத்திருக்காங்க.

தங்கை: விசிலா?

மாமா: சிரிக்காதே. ஒரு ஊது ஊதினா முப்பது வண்டி அப்படியே நிக்குது. பதினோரு வருஷத்துல அது ஒரு ஈயை நிறுத்தியிருக்குமா?

அக்கா: இதை ஏங்க என்கிட்ட மறைச்சீங்க?

மாமா: உன்கிட்டத் தைக்க வர்றவங்கள்லாம் 'துப்பாக்கிக்காரர் வீட்டம்மா'ன்னுதானே உன்னைக் கூப்பிடுறாங்க? நாளைக்கு 'விசில்காரர் வீட்டம்மா'ன்னு கூப்பிட்டா நீ வருத்தப்படுவியேன்னு...

அக்கா: எனக்கு அந்தப் பேரு வேணும்னு நான் எப்போ கேட்டேன்? நீங்க அந்த உறையை மாட்டிக்கிட்டுப் போகும்போது தெருப்பசங்க சலாம் வைக்கிறாங்களே, அது உங்களுக்கு வேணுமேன்னுதான் நான் வாயை மூடிக்கிட்டு காகிதத்தைச் சுருட்டினேன்.

மாமா: நீ எனக்காக... நான் உனக்காக...

தங்கை: உங்க ரெண்டு பேருக்கும் ஊசி கணக்குல எழுத முடியாது. பெட்டியோட கொட்டிடறேன்.

மாமா: கொட்டு. இன்னைக்குப் பொறுக்கலாம், இடுப்பு வலிச்சா வலிக்கட்டும்.

தங்கை: அது சரி மாமா, பதினோரு வருஷமா தாத்தா தாத்தான்னு கொஞ்சினீங்களே. திடீர்னு எப்படிக் குடுக்க மனசு வந்துச்சு?

மாமா: ...போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எண்ணெய் போட எடுத்தேன். குழாய்க்குள்ள துணியை விட்டா போகவே மாட்டேங்குது. கம்பியை விட்டுத் தட்டிக் கவுத்தேன். பிஸ்கட்டு விழுந்துச்சு.

தங்கை: பிஸ்கட்டா?

மாமா: ரெண்டு குழாய்லயும். ஒரு குழாய்க்கு ஒண்ணு. உடைச்சு, தள்ளி... தாத்தாவுக்குப் பசிக்கும்னு ஊட்டியிருக்கா சின்னவளே. என் குட்டி, கட்டிலுக்கு அடியில தவழ்ந்து போய், நாடாவை அவுத்து, அதோட வாயில... எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துப்போச்சு.

தங்கை: உள்ள தோட்டா இருந்துச்சா மாமா?

மாமா: தோட்டா இல்லைதான். எப்பவுமே தனியாத்தான் இருக்கும். ஆனாலும்... மறுநாளு லைசென்ஸ் புதுப்பிக்கிற நாளு. போனேன். அங்க ஒரு அம்மா படிவத்தை வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா சத்தமா கேக்குறாங்க. 'ஆயுதத்தை வீட்டுல எந்த இடத்துல வைப்பீங்க?'

அக்கா: நீங்க என்ன சொன்னீங்க?

மாமா: 'ஆயுதமா, எந்த ஆயுதம்?'னு திரும்பிப் பாத்தேன். வேற யாரையோ கேக்குறாங்கன்னு. 'உங்க ஆயுதம்தான்'னாங்க. 'கட்டிலுக்கு அடியில'ன்னேன். 'அந்தக் கட்டில்ல யாரு படுப்பா?'ன்னாங்க.

தங்கை: ம்...

மாமா: பதில் வாய் வரைக்கும் வந்துடுச்சு சின்னவளே. சொல்ல முடியலை. 'புதுப்பிக்க வேண்டாம்மா, வாங்கிக்கோங்க'ன்னுட்டேன். போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்து ரசீது வாங்கிட்டு வெளியே வந்தப்போ தோள் என்னமோ மாதிரி இருந்துச்சு. லேசா. அப்படியே நடந்தேன். பாட்டுப் பாடிக்கிட்டே நடந்தேன்னு நினைக்கிறேன், ரெண்டு பேர் திரும்பிப் பாத்தாங்க.

அக்கா: நீங்க பாடினாத் திரும்பிப் பாக்காம என்ன பண்ணுவாங்க?

தங்கை: மாமா... நாளைக்கு நர்சரி விட்டதும் குட்டியை இங்க கூட்டிட்டு வந்து விடச் சொல்றேன்.

மாமா: ஆங்! முதலை வாய்க்குள்ள இருந்து டாக்டரை வெளிய எடுத்துடலாம்!

அக்கா: தலகாணியை வெயில்ல வைக்கணும். என்னங்க, நீங்க கடைக்குப் போய் குட்டிக்குத் தின்ன ஏதாவது வாங்கிட்டு வாங்க.

மாமா: பிஸ்கட்டுதான். பெட்டி பெட்டியா வாங்கப்போறேன். என் கண்ணைத் திறந்துவிட்ட பிஸ்கட்டு அது. அதே உப்பு பிஸ்கட்டு!

தங்கை: என்ன பிஸ்கட்டு?

மாமா: உப்பு பிஸ்கட்டு. சீரகம் போட்டது. குட்டி ஊட்டினாளே அது.

தங்கை: குட்டி உப்பு பிஸ்கட்டைத் தொடவே மாட்டா மாமா. வாயில வெச்சா துப்பிடுவா.

மாமா: அதான் தாத்தாவுக்குக் குடுத்துட்டா போல.

தங்கை: என் பொண்ணா? பிடிக்கலைன்னாலும் ரெண்டு கையிலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அடுத்தவங்களைப் பாத்தா முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுக்கிற ஜாதி அது. ஒரு துண்டு குடுக்க மாட்டா. அதுவும் ஒரு குழாய்க்கு ஒண்ணுன்னு கணக்கா, துணி நுழையாத அளவுக்கு உள்ள தள்ளி... நாலு வயசுக் கையா அது?

மாமா: அப்போ வேற யாரு? இந்த வீட்டுல உப்பு பிஸ்கட்டு தின்றது...

தங்கை: அக்கா. மிஷின் சத்தத்தை நிறுத்து.

மாமா: ஏம்மா... இங்க பாரு. நீயா?

அக்கா: நான்தாங்க. அன்னைக்கு மத்தியானம் தூங்குறான்னு நினைச்சு உள்ள வந்து பாத்தா, குட்டி கட்டிலுக்கு அடியில குப்புறப் படுத்துக்கிட்டு, அந்தக் குழாய் வாயில ஒரு கண்ணை வெச்சு, 'தாத்தா, உள்ள இருக்கீங்களா?'ன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தா. அவளைத் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். ஆனா பதினோரு வருஷமா தாத்தான்னே சொல்லிப் பழகின வாயி, 'இந்தத் துப்பாக்கியை வீட்டை விட்டு எடுங்க'ன்னு உங்ககிட்டச் சொல்ல எத்தனை தடவை வந்தும் எழும்பவே இல்லைங்க... ஞாயித்துக்கிழமை குழாயைத் துடைக்கும்போது நீங்களே பாத்துப் புரிஞ்சுக்கட்டும்னு... கையில ரெண்டு பிஸ்கட்டுதான் இருந்துச்சு.